சத்திரத்துச் சாவி என்னிடம் இருந்தது

"நாங்க சொல்றத நீ எழுதிக்குவ, சரி. எழுதினதக் கட்டுவியாம்மா?"

போன வருடம் ஆடி மாதம், மதுரையில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே உள்ள ஒரு சந்தில், டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். டீயை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அளவு நாடாவுமாக நிற்கிற என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று மனதுக்குள் ஓடியது. "கட்டாமப் போறதுக்கு எதுக்குண்ணே எழுதப் போறோம்?" என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த மிடுக்குக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வீடு சமயநல்லூரில். அப்பா கப்பலூர் தொழிற்பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறார். அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். அம்மா செங்கல் சுமந்த இதே ஊரில் நான் கட்டடக் கலை படித்துவிட்டு, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். ஒரு முழு வேலையை முதல்முறையாக என்னை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்தில் இருந்த பழைய சத்திரம்தான் அந்த வேலை.

எந்தக் காலத்திலோ வழிப்போக்கர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு வியாபாரி கட்டிவைத்தது. தெருவைப் பார்த்து அகலமான முன்கூடம், எட்டுக் கல்தூண்கள். அதற்குப் பின்னால் முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், கொல்லையில் ஒரு கிணறு. கவனிப்பார் இல்லாமல் மாடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டு, மழைத் தண்ணீர் இறங்கி, பின்பக்கக் கூரை பாதி விழுந்திருந்தது. அதை நிர்வகித்த அறக்கட்டளை எங்கள் அலுவலகத்தை அணுகியது. செலவை ஏற்க ஒரு நிறுவனமும் முன்வந்தது. தெருக்காரர்களின் கருத்தைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. எனக்கும் அதில் பெருமைதான். நாங்கள் மேலேயிருந்து திணிக்கிற ஆட்கள் இல்லை, கேட்டுச் செய்கிறவர்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

முதல் வாரம் முழுக்க அளந்தேன், படம் எடுத்தேன். ஒரு விஷயம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சத்திரம் முழுக்கக் குப்பையும் புறா எச்சமும் கிடந்தபோது, முன்கூடம் மட்டும் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. தூண்களில் துணி கட்டுகிற மாதிரி ஆணிகள். ஓரமாக, ஆள் நீளத்துக்கு ஒரு பழைய பெஞ்ச். கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு நீளக் கல்பலகை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் 'பயன்பாடற்ற பழைய பொருட்கள்' என்று குறித்தேன். முன்வாசல் சாவி டீக்கடையில்தான் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறக்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை தொடங்கியதும் நானே புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். கொத்தனார்கள் கொல்லைப் பக்கச் சின்னக் கதவு வழியாக வந்து போனார்கள். முன்வாசல் சாவி என் பையில்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஆவணியில் நல்ல நாள் பார்த்து வைத்தோம். அதைச் சிறப்பாக நடத்த வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முற்றத்தில் நாற்காலி, பெரிய குத்துவிளக்கு, வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. தெருவில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இருப்பதால், மூன்று வீட்டுப் பெண்களை அழைத்து ஒவ்வொரு முகமாக விளக்கேற்ற வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படம் பிறகு எங்கள் அலுவலகச் சுவரில்கூட மாட்டப்பட்டது.

விளக்கு எரிய, ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பிள்ளைகள் படிக்க ஓர் இடம் வேண்டும். கழிப்பறை வேண்டும். வண்டி நிறுத்த இடம் விடுங்கள். நான் மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தேன். அப்போது ரவிக்கைக்கு ஹூக் கட்டும் வேலை செய்கிற ஒரு அக்கா எழுந்தார்.

"அந்த முன்கூடத்த மட்டும் அப்படியே விட்ருங்கம்மா. நல்லது கெட்டதுக்கு எங்களுக்கு வேணும்."

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். காதில் ஏதோ சொன்னார். அக்கா விளக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் லேசாக ஒரு சலசலப்பு. நான் நேரத்தைப் பார்த்தேன். சீட்டில் 'சமூக நிகழ்ச்சிகளுக்கு' என்று எழுதி ஒட்டினேன்.

திட்டம் தயாரானது. மாடியில் வாசக சாலை. முன்கூடத்தில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடையும் சின்னக் காப்பிக் கடையும். தெருப் பக்கம், பழைய அகலமான மரக்கதவை எடுத்துவிட்டு, பாதுகாப்புக்காக இரும்புக் கிராதி, அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. 'சமூக நிகழ்ச்சிகளுக்கு' முற்றத்தை ஒதுக்கியிருந்தேன். அறக்கட்டளையும் செலவை ஏற்ற நிறுவனமும் ஒப்புக்கொண்டன. தை மாதம் வேலை தொடங்கியது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பழைய முறைப்படி பூசினோம். அந்த வாசனை இருக்கும் வரை எனக்குச் சாப்பாடே வேண்டாம் என்றிருக்கும்.

பங்குனியில் ஒரு நாள். காலை பதினோரு மணி இருக்கும். அந்தக் கிராதி தயாராகிற பட்டறையைப் பார்க்கக் கப்பலூர் போயிருந்தேன். பட்டறைக்காரர் கம்பியின் கனத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, சத்திரத்தில் வேலை பார்க்கும் கொத்தனார் போன் செய்தார்.

"மேடம், தெருக்காரங்க ஒரு பத்துப் பேரு வந்து நிக்கிறாங்க. முன்கூடத்தத் தெறக்கணுமாம். சாவி..."

அவரை முடிக்க நான் விடவில்லை. "வேலை முடியிற வரைக்கும் யாருக்கும் தெறக்கக் கூடாதுண்ணே. சாரம் நிக்கிது. தலையில ஏதாச்சும் விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"இல்ல மேடம், அது வந்து..."

"அண்ணே, நான் பட்டறையில நிக்கிறேன். சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது முறை அடித்தார், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இங்க ஒரு சாவு. ஆட்டோ ஓட்டுவாருல்ல, அவரு. காலையில நெஞ்சு வலின்னு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, போற வழியிலயே முடிஞ்சிருச்சு. ஒடம்பு வந்துருச்சு. வைக்க எடமில்ல மேடம். ரோட்டுல வச்சிருக்காங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. வீடு இருக்கும்போது உடம்பை எதற்கு ரோட்டில் வைக்கிறார்கள்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். எங்கள் வீடும் சின்ன வீடுதான். ஆனால் முன்னால் வாசல் உண்டு. தாத்தா இறந்தபோது அங்கேதான் கிடத்தினோம். வீடு என்றால் அப்படி ஓர் இடம் இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

சந்துக்குள் நுழைந்ததும் பார்த்தேன். டீக்கடை பெஞ்சுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, பூட்டிய சத்திரத்தின் முன்னால் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மேலே நாலு பேர் ஒரு போர்வையின் நாலு முனையைப் பிடித்து நிழல் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தார் ரோட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்து அழுதார்கள். நடுவில் ஒரு இரண்டு சக்கர வண்டி வந்தது. அது போவதற்காக, அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து ஒதுங்கி, மறுபடி உட்கார்ந்தார்கள்.

நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவை விரியத் தள்ளினேன். முன்கூடத்தில் சாரமே இல்லை. அது போன வாரமே பின்பக்கம் போய்விட்டது. கூடம் அகலமாக, குளிர்ச்சியாக, காலியாக இருந்தது. "உள்ள கொண்டு வாங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. இறந்தவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். அழுது ஓய்ந்த குரலில், கோபமே இல்லாமல் சொன்னார்.

"வேணாம்மா. மாலை போட்டாச்சு, தலைமாட்டுல வெளக்கும் வச்சாச்சு. இனி தூக்குனா அது கடைசித் தூக்குத்தான். சும்மா சும்மா தூக்கி எறக்குறதுக்கு அவரு என்ன சரக்கா?"

அவர் அருகில் இருந்த பெண் வேகமாக எழுந்து என் முன்னால் வந்தார். கூட்டத்தில் எழுந்து பேசிய அதே ஹூக் கட்டும் அக்கா. இறந்தவர் அவருடைய அண்ணன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு எந்திரிச்சுச் சொன்னேன்ல? நல்லது கெட்டதுக்கு வேணும்னு. என்னத்தம்மா எழுதுன நீ? காட்டு, பாப்போம்."

'சமூக நிகழ்ச்சிகளுக்கு' என்று நான் எழுதிய அந்த மஞ்சள் சீட்டு நினைவுக்கு வந்தது.

"எங்க வீட்டு மாடிப்படி பாத்திருக்கியா? நான் போனா இடுப்பு இடிக்கும். பத்துக்குப் பத்துல மூணு குடும்பம். இந்தச் சந்துல பொறந்தவன் எவன் செத்தாலும் இந்தக் கூடத்துலதான் கெடத்துவோம். எங்க ஆத்தா, இந்த டீக்கடைக்காரரு அப்பா, டீச்சரம்மா வீட்டுக்காரரு, எல்லாரும் இங்க இருந்துதான் போனாங்க. பாய் வீட்டுல மவுத்தானா கொல்லைக் கெணத்தடியிலதான் குளிப்பாட்டுவாங்க. அந்தக் கல்லு எதுக்குக் கெடக்குன்னு நெனச்ச?"

"அக்கா, அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருந்தா..." என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"எப்படிச் சொல்றது?" என்றார். இப்போது கத்தவில்லை. "வெளக்கேத்தி, குங்குமம் குடுத்து, கல்கண்டும் குடுத்து உக்கார வச்சுட்ட. எரியிற வெளக்குக்கு முன்னாடி நின்னு, எங்க வீட்டுல விழற பொணத்த எங்க வைக்கிறதும்மான்னு கேக்க முடியுமா? நீயும் ஒரு பொம்பளப் பிள்ளதான? நீ கேப்பியா?"

கேட்க மாட்டேன். எங்கள் அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் 'இல்லை' என்ற சொல்லைக்கூடச் சொல்ல விடமாட்டார். அரிசி தீர்ந்தால் 'நெறஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். இதைக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். தெரிந்தும், அவர்களை வாயைத் திறக்க முடியாத இடத்தில் உட்காரவைத்து, பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

போர்வையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவருக்குக் கை துவண்டது. டீக்கடை அண்ணன் என்னைப் பார்த்து, "இந்தா, இதப் பிடி" என்றார். பிடித்தேன். வெயில் உச்சியில் இருந்தது. மூன்று மணிக்கு எடுக்கும் வரை, இடையில் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனது தவிர, அந்த முனையை நான் விடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. நான் ஒரு கம்பு மாதிரி அங்கே நின்றேன். அவர் முகத்தின் மேல் வெயில் படாமல் போர்வையைச் சாய்த்துக்கொள்வது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த வேலை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்புட்டு படிச்சு என்ன, போன்ல அந்தாளு என்ன சொல்ல வர்றாருன்னு கேக்க ஒரு நிமிசம் இல்லையா ஒனக்கு?" என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கிராதி வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். திட்டத்தைத் திருத்த இரண்டு மாதம் கொடுத்தார். அதற்குள் முடியாவிட்டால் பழைய திட்டமே நடக்கும், நான் வேறு வேலைக்கு மாற்றப்படுவேன் என்றும் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடியக் காத்திருந்தேன். பிறகு வீடு வீடாகப் போனேன். கூட்டம் இல்லை, விளக்கு இல்லை, சீட்டு இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, நேரடியாகவே கேட்டேன். இந்த வீட்டில் ஒரு உயிர் போனால் என்னென்ன செய்வீர்கள், என்னென்ன வேண்டும்? முதல் வீட்டில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஆனால் கேட்டபின் ஜனங்கள் எவ்வளவு பேசினார்கள்! அத்தனை காலம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி பேசினார்கள். படியின் அகலத்தை நான் நாடாவால் அளப்பதைப் பார்த்து டீக்கடை அண்ணன், "என்னம்மா, உசுரோட இருக்கும்போதே அளவெடுக்க வந்துட்டியா?" என்றார். மாடியில் தையல் மிஷினில் இருந்த பாய் எட்டிப் பார்த்து, "ஊருக்கே நான் அளவெடுக்குறேன், எனக்கு அளவெடுக்க நீ வந்துட்ட. கொஞ்சம் லூஸாவே வச்சுக்க மாப்ள, வயிறு இருக்கு" என்றார். தெருப் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் மாப்ள என்று சேர்த்துக்கொண்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எவ்வளவோ கற்றுக்கொண்டேன். நாலு பேர் தோளில் சுமந்து திரும்ப வாசல் எவ்வளவு அகலம் வேண்டும். குளிப்பாட்டும் தண்ணீர் முற்றத்துக்கு வராமல் தனியாகப் போக வேண்டும். இறந்தது பெண் என்றால், மாடியிலிருந்து யார் பார்வையும் கிணற்றடியில் விழக் கூடாது. என் வாசக சாலையின் ஜன்னல்கள் நேராக அங்கேதான் பார்த்தன. ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்காதபடி மூங்கில் தட்டி வேண்டும், ஆனால் வருகிறவர்களைத் தடுக்கிற மாதிரி எதுவும் கூடாது. கிறிஸ்தவரான டீச்சரம்மா, சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்தி வைக்கத் தரையில் காற்றுப் படாத ஒரு மூலை வேண்டும் என்றார். ஆட்டோ அண்ணனின் மனைவி, "அழுகுறவங்க சாஞ்சு உக்கார ஒரு செவரு போதும்மா" என்றார்.

எல்லாவற்றையும் வரைந்தேன். கிராதி போயிற்று. கடை பக்கத்து அறைக்குப் போயிற்று. மாடி ஜன்னல்கள் தெருப் பக்கம் திரும்பின. கழற்றி வெளியே போட்டிருந்த பெஞ்சைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தேன். கல்பலகையை இருந்த இடத்திலேயே விட்டு, அதைச் சுற்றி வடிகால் போட்டேன். முன்கூடம் எதுவும் இல்லாமல், பெருக்கித் துடைத்த மாதிரி காலியாக வரைபடத்தில் நின்றது.

மேலதிகாரி பார்த்தார். வரைபடம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்தக் கூடத்துக்கு 'பல்நோக்குக் கூடம்'னு பேர் போட்டுருங்க. சாவுன்னு எழுதினா செலவு பண்றவங்க யோசிப்பாங்க. நடக்குறது நடக்கட்டும், எழுத வேண்டாம்."

அவர் சொன்னது தவறான எண்ணத்தில் இல்லை. காரியம் நடக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து என்னைப் போலவே ஒருத்தி, நன்றாகப் படித்தவள், நல்ல எண்ணத்தோடு வருவாள். வரைபடத்தில் 'பல்நோக்கு' என்று பார்ப்பாள். கூடம் சும்மா கிடக்கிறதே என்று அவளும் ஒரு பூட்டு வாங்குவாள். இதைச் சொன்னேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "அப்போ உங்க பொறுப்பு. உங்க கையெழுத்துலயே போகட்டும்" என்றார்.

போன திங்கட்கிழமை காலை, அந்த வரைபடத்தை நானே நேரில் கொண்டுபோய் அறக்கட்டளையிலும், செலவை ஏற்ற நிறுவனத்திலும் கொடுத்தேன். முன்கூடம் இருக்கும் இடத்தில் தமிழில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்தத் தெருவில் இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் கூடம். எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்.' கீழே என் கையெழுத்து. பதில் இன்னும் வரவில்லை. அவர்கள் மறுக்கலாம், இந்த வேலையே என் கையைவிட்டுப் போகலாம். ஆனால் அன்றைக்கு என்னால் வெயிலில் கிடந்த அந்த மனிதரின் முகத்தை நினைக்கும்போதெல்லாம், அந்த இரண்டு வரிகளை எழுதாத ஒரு தாளில் என் பெயரைப் போட்டிருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று தோன்றும். அப்போதுதான் பதிலுக்குக் காத்திருக்கும் பயமும் கொஞ்சம் குறைகிறது.